6. கழற்றும் முன் போட வேண்டிய கணக்கு

கே.கே. நகரில் பழைய ஹவுசிங் போர்டு வீடு ஒன்றை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்றால், சில சமயம் எனக்கு ஒரு போன் வரும். பில்டர் ஒரு மாதம் கெடு கொடுத்திருப்பார். பீரோவையும் கட்டிலையும் வேனில் ஏற்றிவிடலாம். பின்பக்கம் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் தாத்தாவின் காரை என்ன செய்வது? டயர் நான்கும் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பேட்டரி எப்போதோ செத்திருக்கும். போனில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், இதை ரெடி பண்ணினா எவ்வளவு ஆகும்? வித்தா எவ்வளவு போகும்?"

ஒரே மூச்சில் கேட்டாலும் இவை ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கேள்விகள். ஆகும் செலவைத் தீர்மானிப்பது காரின் உடம்பு. எத்தனை நாள் டிங்கரிங், எத்தனை நாள் பெயின்ட், லேத்தில் எவ்வளவு வேலை என்பதே அங்கே கணக்கு. போகும் விலையைத் தீர்மானிப்பது காரின் பெயரும் பேப்பரும். அழுகிய ஃப்ளோரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு அடிக்கும் டிங்கருக்கு, வண்டி ஜாகுவாராக இருந்தாலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருந்தாலும் நாள் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் விற்கும் நாளில் அந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வந்துவிடும்.

உலகம் முழுக்க நிலவரம் இதுதான். 2018-இல் அமெரிக்காவின் மான்டரேயில் ஒரு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. அப்படிப்பட்ட காருக்கு ரெஸ்டோரேஷனில் என்ன செலவழித்தாலும் அது விலையில் கரைந்துவிடும். அந்த ஃபெராரியைப் போலவே 1962-இல் பிறந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் இரண்டு பேர் உட்காரும் அழகான ஸ்போர்ட்ஸ் கார்தான். ஆனால் பிறந்த ஊரான இங்கிலாந்திலேயே, ஒரு துருப்பிடித்த ஸ்பிட்ஃபயரைப் பணம் கொடுத்து முழுமையாகப் புதுப்பிக்கிறவருக்குப் போட்ட காசு திரும்புவதில்லை. ஏராளமாகத் தயாரானதால், நல்ல நிலையில் உள்ள இன்னொன்று எப்போதும் குறைந்த விலைக்குக் கிடைத்துவிடுகிறது.

நம் ஊரில் இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய வண்டி, அந்த ஸ்பிட்ஃபயரின் அண்ணனான ஹெரால்டு.

நம்ம ஊர் ஹெரால்டு

சென்னையின் தெற்கு விளிம்பில், பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் 1971 வரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சி.சி. இன்ஜின், ஒரு சின்ன தெருவிலேயே யு-டர்ன் போட்டுவிடும் ஸ்டியரிங். இங்கிலாந்தில் இதே சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். ஹெரால்டை ஓட்டியவர்களுக்கு அந்த உறவு கையிலேயே தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில், பிரித்து மேய்ந்து வேகம் கூட்டிய ஹெரால்டுகள் அங்கே ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. "எங்க சித்தப்பா ஹெரால்டுல சோழவரம் ஓட்டினார்" என்று சொல்லும் குடும்பங்கள் மட்டும் மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருந்தால், அதற்கான போட்டோவை இப்போதே தேடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஹெரால்டைப் புதுப்பிக்க நினைப்பவருக்கு அதன் அமைப்பு ஒரு வரம். ஒரு பொறியும் கூட. சேஸிஸ் தனி, பாடி தனி. பாடி பல துண்டுகளாகச் சேஸிஸ் மேல் போல்ட்டில் நிற்கிறது. பானெட்டோடு முன் மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கிச் சாயும். இன்ஜின் மொத்தமும் வெட்டவெளியில் வந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். இவ்வளவு சுலபமாகக் கழலுகிறதே என்று ஆசைப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாவற்றையும் கழற்றிப் போடுகிறார்கள். அடுத்த தீபாவளிக்கும் அது அப்படியே கிடக்கிறது. பிரித்துப் போட்ட கார் விற்பனைக்கு வந்தால் அதைக் கார் என்று யாரும் விலை பேசுவதில்லை, சாமான் விலைதான். முழுதாக, ஓடாமல் நின்ற நாளில் கிடைத்திருக்கக்கூடிய தொகைகூடக் கிடைக்காது. இந்த நூலில் வேறெதையும் கேட்காவிட்டாலும் இதை மட்டும் கேளுங்கள்: கணக்குப் போட்டு முடிக்கும்வரை ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

உங்களிடம் இருப்பது எந்த ஹெரால்டு என்பதும் கணக்கை மாற்றும். முதலில் வந்தவை இரண்டு கதவு வண்டிகள். 1968-இல் வந்த மார்க் 3-க்கு நான்கு கதவு. இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு வரவே இல்லை. அது நம் தொழிற்சாலையின் சொந்த வேலை. ஹெரால்டுக்கு அடுத்து 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலும் அப்படித்தான். அதில் பின் சக்கரங்களுக்கு இருந்த ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்ஸில் வைத்தார்கள். இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் சாமான் தேடும்போது இது இடிக்கும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டுக்கும் பொதுவான இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் சாமான்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். தபால் செலவும் சுங்கமும் கட்டினால் வந்துவிடும். மார்க் 3-இன் பின் கதவையோ கெஸலின் பாடித் தகட்டையோ உலகத்தில் எவரும் செய்வதில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு சாமான் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், புதுப்பேட்டையின் பழைய சாமான் சந்தையில் தேடிப் பார்க்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் தகட்டை அடித்து வளைத்துச் செய்யும் டிங்கரின் கூலி. ஆகவே நான்கு கதவு வண்டியில் இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் கவலைப்பட வேண்டாம். பின் கதவு அழுகியிருந்தால் கவலைப்படுங்கள்.

துருவை அளப்பது

ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு காரைச் சுற்றி வாருங்கள். கதவின் கீழ் விளிம்பு, முன் மட்கார்டின் பின்பகுதி, டிக்கியின் தரை, சக்கர வளைவு என்று எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. பிறகு காரின் அடியில் படுத்துச் சேஸிஸைப் பாருங்கள். ஹெரால்டில் நடுச் சேஸிஸிலிருந்து இரு பக்கமும் கை நீட்டியதுபோல் சட்டங்கள் வரும். பாடி அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அழுகல் அங்கேதான் முதலில் தொடங்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகிறது என்றால், அது பாடியைத் தூக்காமல் முடியாத வேலை.

சென்னைக்குள்ளேயே இதில் வித்தியாசம் உண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் கடற்காற்றில் நின்ற வண்டி மேலிருந்து அரிக்கும். கே.கே. நகர், ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர்ப் பக்கத்து வண்டி என்றால் நான் வேறு கேள்வி கேட்பேன்: 2015 டிசம்பரில் இது எங்கே நின்றது? அந்த வெள்ளத்தில் நின்ற கார் கீழிருந்து, உள்ளிருந்து அரிக்கும். சீட்டுக்கு அடியில், கதவின் உள்பக்கத்தில், வயரிங்கின் இணைப்புகளில் சேறு காய்ந்த தடம் இருக்கும். சீட் உறை புதிதாக இருந்தாலும் தரையில் விரித்த மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.

என் சொந்த வண்டியில் நான் ஏமாந்தது பெயின்டில்தான். ஒரு பட்டறையில் மூன்று மாதம் நின்று, மினுமினுவென்று வெளியே வந்தது. கோவிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்தோம். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது இடப்பக்கக் கதவின் கீழே கொப்புளம் வந்தது. நகத்தால் கீறினேன், பெயின்ட் ஒரு ஏடாகப் பெயர்ந்து வந்தது. அடியில் துருவின் மேலேயே பட்டி, பட்டியின் மேல் பிரைமர். மறுபடி முதலிலிருந்து சுரண்டினோம். இரண்டு முறை பெயின்ட் அடித்த காசை எந்த வாங்குபவரும் கொடுக்க மாட்டார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வெறும் தகடு தெரியும் நிலையில் பட்டறைக்கு நேரில் போய், நான்கு பக்கமும் போட்டோ எடுப்பேன். அதற்குப் பிறகுதான் பிரைமர். அந்தப் போட்டோக்கள் விற்கும் நாளில் பெயின்டைவிட அதிகம் பேசும்.

செலவில் வராத ஒன்றிரண்டு

ஹெரால்டின் முன் சக்கரம் பித்தளை டிரன்னியன் ஒன்றின் மேல் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். கிரீஸ் துப்பாக்கியால் கிரீஸ் அடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. கிரீஸ் உள்ளே சென்று சேராமல் துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிவிடும். சில நூறு ரூபாய் எண்ணெயில் காக்க வேண்டியதைக் காக்காமல் மட்கார்டு, பானெட் என்று இழந்தவர்கள் உண்டு, உயிருக்கும் ஆபத்து. வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் டிரன்னியன், பிரேக், டயர் இந்த மூன்றுக்கும் செலவழியுங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு நின்றது. இன்ஜினைத் திறக்க வேண்டிய நிலை வந்தால், கெட்டியான வால்வு சீட் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்; அதற்காக மட்டும் திறக்க வேண்டாம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பெட்ரோல் டியூப், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

பேப்பர்

கே.கே. நகர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் எண் டி.என். 09. உங்கள் தாத்தாவின் கார் அதற்கெல்லாம் முந்தியது, எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ டி.எம். என்றோ தொடங்கும் எண்ணாக இருக்கும். அந்த எண்ணும், அதற்குரிய பழைய ஆர்.சி. புக்கும் காரின் விலையில் பெரும்பங்கு. நான் ஒரு வண்டியைப் பார்க்கப் போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன் புக்கைத்தான் கேட்பேன்.

புக்கில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளவையும் ஒன்றுதானா? பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நடுவில் யாரோ வேறு இன்ஜின் மாட்டி, அதைப் புக்கில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். நிறம் மாறியிருக்கலாம். இவை ஒவ்வொன்றும் அனுமதி வாங்கிப் பதிய வேண்டியவை. தாத்தா காலமாகிவிட்டார் என்றால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். நான்கு வாரிசுகள் இருந்து அதில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், இந்த ஒரு வேலைக்கே பல மாதம் பிடிக்கும். கையால் எழுதிய பழைய பதிவுகள் பல இன்னும் வாகன் இணையப் பதிவில் ஏறவில்லை. ஏற்றாமல் பெயர் மாற்றம் நகராது. டிங்கரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைத் தொடங்குங்கள். பேப்பர் சரியாகாது என்று தெரிந்தால், அந்தக் காரில் பெரிய செலவு செய்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேப்பர் இல்லாத அழகான கார், விற்க முடியாத கார்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டு, அதற்குப் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. 2022 ஏப்ரலில் இதன் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கினார்கள். விட்டுப்போன ஆண்டுகளுக்கு அபராதமும் சேரும். இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. 10 ஆண்டு செல்லும். புதுப் பதிவு வாங்கும் வண்டியின் நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும்; ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கடைசி ஹெரால்டு 1971-இல் வந்தது என்பதால் எல்லா ஹெரால்டுகளும் இந்த வயதைத் தாண்டிவிட்டன. கெஸல்களும் வரிசையாகத் தாண்டி வருகின்றன.

இந்த விதியில் இரண்டு நிபந்தனைகளைக் கவனியுங்கள். கார் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. இரண்டாவது, இதை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, சர்வீஸ், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான். ஆபீஸுக்கு ஓட்டிப் போக ஆசைப்படுகிறவர் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும், ஹெரால்டில் புது மாருதி இன்ஜினைப் பொருத்தி ஏ.சி. வைக்கலாம் என்று ஆலோசனை சொல்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். உதாரணத்துக்கு, அதே ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்.டி.1-இன் ஸ்போர்ட்ஸ் கார் போன்ற பாடியில் பழைய வேன்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர் இன்ஜினைக் கொண்டது. அந்தப் பாடிக்கு அந்த இன்ஜின் போதவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இன்ஜினோடு தப்பிப் பிழைத்த வண்டியைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

மூன்று வழிக் கணக்கு

இப்போது எண்களை வைத்துப் பார்ப்போம். இவை சந்தை விலைகள் அல்ல. முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் பட்டறை சொல்லும் தொகையை இந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஒருவர் அழுகிய ஹெரால்டை ஒன்றரை லட்சத்துக்கு வாங்குகிறார். டிங்கரிங், பெயின்ட் 3 லட்சம். இன்ஜின், கியர் பாக்ஸ் 1.2 லட்சம். பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் 80,000. குஷன், ரப்பர், குரோம் பிளேட்டிங் 1 லட்சம். மொத்தம் 7.5 லட்சம். அந்த நிலையில் உள்ள ஹெரால்டு 5 லட்சத்துக்குப் போகும் என்று வைத்தால், 2.5 லட்சம் கையைவிட்டுப் போகிறது. என் அனுபவத்தில் முதலில் சொன்ன செலவோடு மூன்றில் ஒரு பங்கையாவது கூட்டிக்கொள்ள வேண்டும். பிரித்த பிறகுதான் தெரியும் என்று சொல்லப்படும் எல்லாமே அந்தப் பங்குக்குள் வரும்.

இரண்டாமவர், வேறொருவர் ஏற்கெனவே பாடுபட்டு முடித்த, ஓடிக்கொண்டிருக்கும் ஹெரால்டை 4 லட்சத்துக்கு வாங்கி, டயருக்கும் பிரேக்குக்கும் பெட்ரோல் டியூப்புக்கும் 60,000 செலவழிக்கிறார். அவருக்கு ஆனது 4.6 லட்சம். முதலாமவரின் காரும் இவருடைய காரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. புதிதாக வாங்கப் போகிறவருக்கு நான் எப்போதும் சொல்வது இந்த வழி. முழுமையான வண்டியை, கொஞ்சம் அதிக விலை கொடுத்தாலும், வாங்குங்கள். தொலைந்த ஒரு லைட் கண்ணாடிக்காக ஆறு மாதம் அலைவது விலைப்பட்டியலில் வராது.

மூன்றாமவர்தான் கே.கே. நகரிலிருந்து போன் செய்தவர். கார் வீட்டில் இருக்கிறது. பெயர் மாற்றம், பதிவுப் புதுப்பிப்பு, பிரேக், டேங்க் சுத்தம், டயர், பேட்டரி, துருவை அங்கங்கே நிறுத்தும் வேலை எல்லாம் சேர்த்து 1.4 லட்சம் ஆகிறது என்று வைப்போம். பழைய பெயின்ட் மங்கிப்போய் அப்படியே இருக்கிறது. அது 3 லட்சத்துக்குப் போனாலும் மூவரில் அதிக லாபத்தில் நிற்பவர் இவர்தான்.

மங்கிய பெயின்டோடு விற்பதா என்று தயங்க வேண்டாம். 2015 பிப்ரவரியில் பாரிஸில், பல பத்தாண்டுகள் ஒரு கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் ஒன்று ஏலத்துக்கு வந்தது. தூசியைக்கூட முழுதாகத் துடைக்காமல் வைத்தார்கள். 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. ஒருகாலத்தில் நடிகர் ஆலன் டெலோன் ஓட்டிய கார் அது. அதற்கான சாட்சியாகப் புகைப்படமும் இருந்தது. ஹெரால்டுக்கு அப்படி விலை வராது. ஆனால் அசல் தகடும் அசல் நிறமும் ஒருமுறைதான் இருக்கும் என்ற அறிவு இங்கேயும் வாங்குபவர்களிடம் வளர்ந்திருக்கிறது. தி. நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடரைப் பாருங்கள். கார் என்ற அளவில் அது லட்சக்கணக்கில் வந்த அம்பாசடர்களில் ஒன்று. அந்த எண்ணைப் பார்க்கத்தான் மக்கள் நிற்கிறார்கள். அதனால்தான் சித்தப்பாவின் சோழவரம் போட்டோவைத் தேடச் சொன்னேன். முதல் விலைச்சீட்டு, பழைய வரி வில்லை, சர்வீஸ் பில் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

எதற்கு இவ்வளவு கணக்கு, தாத்தாவின் காரை நான் விற்கப் போவதே இல்லை என்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். அவர்கள் முதல் வழியிலேயே போகலாம். போகும் காசு காரின் விலைக்காக அல்ல, அதில் மறுபடி உட்காருவதற்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும். ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: வேலை முடிந்ததும் பில்களையும் போட்டோக்களையும் வைத்து இன்சூரன்ஸில் ஐ.டி.வி. தொகையை, அதாவது கார் முழுதாகப் போனால் கம்பெனி கொடுக்கும் தொகையை, பேசுங்கள். 5 ஆண்டு தாண்டிய வண்டிக்கு அந்தத் தொகை நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொள்வதுதான். பேசாமல் விட்டால் ஏழெட்டு லட்சம் விழுங்கிய வண்டி பாலிசியில் வெறும் பழைய இரும்பு விலையில் நிற்கும்.

விற்பவர்களுக்கு: மாற்றிய பழைய சாமான் எதையும் புதுப்பேட்டைக்குப் போடாதீர்கள். தேய்ந்த கார்புரேட்டர், வெடித்த ஸ்டியரிங், மங்கிய பேட்ஜ் என எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள். அசலைத் தேடுபவருக்கு அந்தப் பெட்டி பொக்கிஷம். வாங்குபவர் வரும் காலையில் இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் வந்தவுடன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அது சில்லென்று இருக்கட்டும். சோக்கை இழுத்து, அவர் கையாலேயே ஸ்டார்ட் பண்ணட்டும்.